ஃபூகிரான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

விளிம்பில் தங்க அலை, உடலில் கொக்கு அல்லது டிராகன், மூன்று கால்களிலும் சிங்கமுகம். ஜப்பானின் நிஷிகி தொட்டிகளை, அதாவது பல வண்ணமும் தங்கமும் தீட்டிய தொட்டிகளைப் பார்த்தவுடன் மனம் போவது இவற்றின் மேல்தான். ஃபூகிரான் செடி வைத்துப் புழங்கப் போகிறவர் முதலில் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். நடுத்துளை சின்னதாக இருந்தால், எவ்வளவு நல்ல சித்திரமானாலும் அது அலமாரிக்கான பொருள்தான்.

காரணம் செடியிடம் இருக்கிறது. ஃபூகிரான், மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் சிறிய ஆர்க்கிட். நியோஃபினெட்டியா என்ற பேரினத்தில் இருந்ததை இப்போது வாண்டாவில் சேர்த்துவிட்டார்கள். ஜப்பானின் எடோ காலத்திலிருந்தே (1603–1868) இலை வடிவத்துக்கும் வரிக்கும் பூவுக்குமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து வருகிறார்கள். அதன் தடித்த வேர்கள் நனைந்தால் சீக்கிரம் காய்ந்தாக வேண்டும். அதற்காக ஸ்பாக்னம் பாசியை உள்ளே வெற்றிடம் விட்டு மேடாகக் கட்டி, வேர்களை அதன்மேல் பரப்பி, தொட்டியின் வாயில் உட்கார வைப்பார்கள். தொட்டிக்குள் பெரும்பகுதி வெறும் காற்றுதான். கால்களுக்கு அடியில் புகும் காற்று துளை வழியே ஏறிப் பாசியை உள்ளிருந்து உலர்த்தும். வெளிப்புறம் முழுக்க கிளேஸ் (சுட்டதும் கண்ணாடிபோல் இறுகும் பூச்சு) பூசியிருப்பதால் சுவர் வழியே ஈரம் போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

3.5 கோ அளவுத் தொட்டி என்றால் வாயகலம் சுமார் 10.5 செ.மீ. (ஒரு கோ ஏறக்குறைய 3 செ.மீ.). அதற்கு 2.5 செ.மீ.க்குக் குறையாத துளையும், தரைக்கும் அடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியும் வேண்டும். தமகோங்கோ போன்ற குட்டை இலை ரகங்களுக்கு 2.5 கோ போதும். சிறிய செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் பாசி மேடு பெருத்து, நடுவில் ஈரம் தங்கி, வேர்நுனி கறுக்கும். அழகான தொட்டிக்காகச் செடியின் அளவை மறப்பதுதான் சேகரிப்பாளர்களிடம் அதிகம் காணும் கோளாறு.

பல பருவங்கள் புழங்கிய பிறகு எது நிற்கிறது? சித்திரமில்லாத கறுப்பு ராக்கு தொட்டிதான் (ராக்கு என்பது குறைந்த சூட்டில் சுட்ட மண்கலம்). எடை குறைவு, கீறல் தெரியாது, பச்சை இலையை எடுத்துக்காட்டும். ஜப்பானிய மட்பாண்ட ஊரான தொகொனாமே பக்கத்துக் கலங்கள் உறுதியானவை. ஆனால் கனம், வடிவமும் பெரும்பாலும் போன்சாய்க்கானது. நிஷிகி தொட்டியைக் கண்காட்சிக்கும் பூக்கும் பருவத்துக்கும் வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களில் செடியைக் கறுப்பில் விடுவது நல்லது. இல்லையென்றால் தங்கம் போய்விடும். தங்கப்பூச்சு கிளேஸின் மேல் படிந்த மெல்லிய படலம். பாத்திரம் தேய்க்கும் நாரால் சில முறை தேய்த்தாலே விளிம்பு வழுக்கையாகும்.

கடின நீர் ஊற்றினால் கறுப்பின் மேல் வெள்ளைத் திட்டு வரும். வினிகரால் துடைக்காதீர்கள். குறைந்த சூட்டில் சுட்ட கிளேஸை அமிலம் அரித்து மங்கலாக்கும்; பழைய தொட்டிகளில் ஈயக் கிளேஸும் இருக்கலாம். மழைநீர் ஊற்றி, ஈரம் காயும் முன் மென்துணியால் ஒற்றி எடுப்பது போதும். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: சுவர் உறிஞ்சிய நீர் உறைந்து விரிந்தால் கிளேஸ் செதில் செதிலாக உதிரும். உறைபனிக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு. களிமண்ணில் 20 முதல் 25 சதம் சுட்ட மண்தூள் கலந்தால் சூட்டு அதிர்ச்சியைத் தாங்கும். மொத்தச் சுருக்கம் 10 சதம் என்றால், 10.5 செ.மீ. வாய்க்குச் சக்கரத்தில் 11.7 செ.மீ. எடுக்க வேண்டும், உங்கள் மண்ணின் சுருக்கத்தை ஒரு பட்டைத் துண்டு சுட்டு அளந்துகொள்ளுங்கள். சுவர் 3–4 மி.மீ. பாதி காய்ந்த பதத்தில் துளை வெட்டி, விளிம்பை ஈரப் பஞ்சால் மழுக்குங்கள். கூரான வெட்டில்தான் விரிசல் தொடங்கும்.

அதிகம் கெடும் இடம் கால். உடல் காய்ந்து, கால் ஈரமாக இருந்தால் ஒட்டு சுருங்கும்போது பிளக்கும். இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது இரு பக்கமும் கீறி, அதே மண்ணின் குழம்பு தடவி, அழுத்தி ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு கவிழ்த்துக் காயவிட்டால் கால்மேல் பாரம் விழாது, வாயும் கோணாது.

முதல் சூடு சுமார் 800 டிகிரி. 100 டிகிரிக்குக் கீழே வெகுநேரம் நிறுத்தி ஈரத்தை விரட்டாவிட்டால் நீராவி தடித்த காலை வெடிக்க வைக்கும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று விரிவதால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெல்லக் கடக்க வேண்டும். கிளேஸ் வெளியிலும், உள்ளே விளிம்பிலிருந்து 2 செ.மீ. வரையிலும் போதும். உள்சுவரை வெறுமையாக விடுங்கள். கால் நுனியில் 3 மி.மீ. துடைத்தெடுக்காவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். தங்கம் கடைசி. கிளேஸ் இளகும் சூட்டை நெருங்கினால் தங்கம் அதற்குள் அமிழ்ந்து மங்கிவிடும். ஆகவே கிளேஸ் சூட்டைவிட எப்போதும் தாழ்வாகவே சுட வேண்டும். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் தங்கம் பிடிக்காது.

பழைய தொட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பது வீண். குறைந்த சூட்டுக் கலம் நல்ல நிலையிலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். உள்சுவரை நனைத்துக் காயவிடுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அந்தக் கோடு மட்டும் கடைசிவரை கறுத்து நிற்கும். புறஊதா விளக்கில் ஒட்டுப் பசைகள் பல ஒளிரும், முதலில் கால்களின் மூட்டைப் பாருங்கள். முத்திரையும் மரப்பெட்டியும் விலையை ஏற்றும். ஆனால் பெட்டி எழுத்தும் அடி முத்திரையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். அஞ்சலில் வரவழைத்தால் உள்ளே காகிதம் திணித்து, ஒவ்வொரு காலையும் தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக அனுப்பச் சொல்லுங்கள். வந்த பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்காதீர்கள், மேல் தொட்டியின் கால் கீழ்த்தொட்டியின் தங்க விளிம்பைச் சுரண்டும்.