சிவப்பு ஆல்டோவும் 6,800 ரூபாய் பாலிஷ் மெஷினும்

வீடு கடலூர் தேவனாம்பட்டினத்துல. சில்வர் பீச்சுக்கு நடந்தே போயிடலாம். உப்புக்காத்துக்கு ஜன்னல் கம்பியே வருஷா வருஷம் பெயிண்ட் கேக்கும், வாசல்ல நிக்கிற காரைப் பத்திச் சொல்லவே வேணாம். 2012ல எடுத்த சிவப்பு ஆல்டோவோட பானெட் வெளுத்து, பழைய செங்கல் நிறத்துக்கு வந்துடுச்சு. போதாததுக்கு மாடி டேங்க் நிரம்பி வழியிற போர் தண்ணி இடது பக்கமே விழுந்து காஞ்சு காஞ்சு, வட்ட வட்டமா வெள்ளைக் கறை.

போன வருஷம் ஒரு கடையில விட்டு ரப்பிங் பண்ணினேன், அதாவது காம்பவுண்ட்ங்கிற பேஸ்ட்டைப் போட்டுத் தேய்ச்சு மெருகேத்துறது. சாயந்திரம் வண்டி பளபளன்னு வந்துச்சு. ரெண்டு தடவை கழுவினதும் வெயில்ல பார்த்தா பானெட் முழுக்கச் சுழிசுழியா கீறல். ஒரே வட்டமா சுத்துற ரோட்டரி மெஷின்ல கம்பளிப் பேட் மாட்டி அவசரமா இழுத்திருக்காங்க. காம்பவுண்ட்ல இருக்கிற எண்ணெய் அன்னைக்கு அதை மறைச்சிருக்கு, அவ்வளவுதான். அந்தக் கடுப்புலதான் டூயல் ஆக்‌ஷன் மெஷின் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன்.

பேர் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அதே மெஷின் நாலு பேர்ல, நாலு கலர்ல விக்குது. 15 மி.மீ. த்ரோ (பேட் ஆடுற அகலம்), 5 இன்ச் பிளேட் (பேட் ஒட்டுற தட்டு), 6 ஸ்பீடு. இது சுத்திக்கிட்டே ஆடவும் செய்யுங்கிறதால ஒரே இடத்துல சூடு ஏறாது, புதுசா பிடிக்கிறவங்க பெயிண்ட்டை எரிச்சிடுற பயம் குறைவு. ஆனா பலமா அழுத்தினா சுத்துறது நின்னு வெறுமனே அதிரும். பிளேட் ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சேன். கோடு சுத்துறது கண்ணுக்குத் தெரிஞ்சா வேலை நடக்குது, இல்லன்னா நாம கையைத்தான் வலிக்க வைக்கிறோம்.

மெஷின் பிடிக்கிறது கடைசி வேலை. முதல்ல கறைக்கு வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில நனைச்சு ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்துக் கழுவினேன். போர் தண்ணிக் கறைங்கிறது சுண்ணாம்புச் சத்துதானே, புளிப்புக்கு இளகிடும். பாதிக்கு மேல அதுலயே போச்சு. அப்புறம் கையில பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கிட்டுத் தடவிப் பார்த்தா, வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் மணல் மாதிரி தட்டுப்படுது. சோப்புத் தண்ணி விட்டு கிளே பார் தேய்ச்சதுல, களிமண் உருண்டை ஒரு கதவுக்கே பழுப்பாயிடுச்சு.

பானெட்ல ஓரமா ரெண்டடிக்கு ரெண்டடி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதுக்குள்ள மட்டும் முதல்ல ஓட்டினேன். டேப்பை உரிச்சப்ப பக்கத்து வீட்டு அண்ணன், "இது வேற வண்டி கதவை வெட்டி ஒட்டினாப்ல இருக்கே"ன்னார். அவ்வளவு வித்தியாசம். ஸ்பிரிட் போட்டு எண்ணெயைத் துடைச்சுட்டுப் பார்த்தும் பளபளப்பு அப்படியே நின்னுச்சு.

இடது முன்கதவுலதான் உயிரே போச்சு. பேட் குங்குமம் அப்பின மாதிரி சிவந்துடுச்சு. வீட்டுல எட்டிப் பார்த்து, "என்னங்க, பெயிண்ட்டையே சுரண்டிட்டீங்களா?" அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. மஞ்சக்குப்பத்துல ஒரு ஆட்டோ உரசி அந்தக் கதவை மட்டும் மறுபடி அடிச்சோம். கம்பெனி பெயிண்ட்னா பெரும்பாலும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட் இருக்கும், தேயுறது அதுதான், பேட் வெள்ளையா வரும். இந்தக் கதவுல பெயிண்ட்டரு அதை அடிக்கவே இல்லை. காசு மட்டும் முழுசா வாங்கினார்.

கிளியர் கோட் பொதுவா 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. அதனால ஆசைக்கு ஓட்டக்கூடாது. கார் கூரையில எனக்கு அது வெயில்ல பொரிஞ்சு உரிஞ்சே போச்சு, எந்த மெஷினும் அதை ஒண்ணும் பண்ண முடியாது. மறுபடி பெயிண்ட் அடிக்கணும். விக்கிறவங்க போடுற முன்-பின் படங்கள்ல இந்த மாதிரி கூரையைக் காட்ட மாட்டாங்க.

இனி குறைகள். வயர் குட்டை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாம பின்பக்கம் எட்டாது. அரை மணி நேரம் பிடிச்சா கை மரத்து டீ கிளாஸ் ஆடுது. நம்ம ஊர் வெயிலுக்கு 9 மணி ஆனா காம்பவுண்ட் பேட்லயே காஞ்சு பொருக்காயிடும். மூணு நாளும் காலை 5.30க்கு இறங்கி 8க்குள்ள முடிச்சேன், பக்கத்து வீட்டுக்காரங்க பொறுத்துக்கிட்டாங்க. பெட்டியோட வர்ற பேட் சுமார்தான், நல்ல ஃபோம் பேட் குறைஞ்சது மூணு தனியா வாங்கிடுங்க. மூணாம் நாள் பிளேட் வெல்க்ரோ சூட்டுல இளகி, பேட் கழண்டு செம்பருத்திச் செடிக்குள்ள பறந்துச்சு.

இதெல்லாம் சேர்த்தும் 5க்கு 4 குடுப்பேன். டேங்க்குக்கு ஃப்ளோட் வால்வு மாட்டியாச்சு. புது பிளேட் ஆர்டர் போட்டிருக்கேன், வலது பின்கதவு இன்னும் செங்கல் நிறத்துலயே நிக்குது.