கல்வி டிவியா, இல்லம் தேடிக் கல்வியா? குடியாத்தம் பக்கத்துல நாங்க பார்த்தது

2020 மார்ச்ல ஸ்கூல மூடிட்டாங்க. டிவில பாடம் நடத்துற அரசாங்க சேனல் கல்வி டிவி 2019லயே ஆரம்பிச்சதுதான், ஆனா எங்க தெரு அத உக்காந்து பார்த்தது லாக்டவுன்லதான். டேட்டா செலவு இல்ல, பத்தாவது பசங்களுக்கு நல்லாவே உதவுச்சு. சின்னப் பசங்களுக்குத்தான் ஒட்டல. ரெண்டாவது படிச்ச என் பொண்ணு டிவி முன்னாடி எங்கம்மாவோட பீடி நூல்கண்ட உருட்டிக்கினு இருப்பா, புரியலன்னா டிவிய நிறுத்தி யார கேக்கறது?

தன்னார்வலருங்க நம்ம தெருவுலயே பாடம் சொல்லித்தர்ற அரசாங்கத் திட்டம் இல்லம் தேடிக் கல்வி, அத 2021 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, முதல்ல 12 மாவட்டம், நம்ம வேலூருக்கு அப்புறம்தான் வந்துச்சு. அப்போ எட்டாவது வரைக்கும், சாயங்காலம் ஒண்ணு ஒன்றர மணி நேரம் நடந்துச்சு, தன்னார்வலருக்கு மாசம் 1000 ரூபா குடுத்தாங்க, அது ரொம்பக் கம்மி.

எங்க தெருவுல தன்னார்வலரா டிகிரி முடிச்ச பொண்ணு ஒண்ணு கோயில் திண்ணைல பாய் போட்டு உக்காரும். என் பொண்ணு 'ழ' மறந்துபோய் முழிச்சிக்கினு நின்னப்போ விரல புடிச்சு மண்ணுலயே எழுத வச்சுது பாருங்க, அத எந்த டிவியும் செய்யாது, அந்தத் திண்ணைல பேசிப் பேசித்தான் நாங்க அம்மாங்க நாலு பேரு 2022ல ஸ்கூல் மேலாண்மைக் குழு கூட்டத்துக்கே போனோம்.

என் ஓட்டு திண்ணைக்குத்தான்.