ஒரே ஒரு துவக்கு: வட ஒன்ராறியோவில் பத்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2013 டிசெம்பரில் ரொறன்ரோவில் உறைமழை கொட்டி, மின்கம்பிகள் விரல் பருமனான பனிக்கட்டியைச் சுமக்க முடியாமல் அறுந்து விழுந்தபோது, மூன்று இலட்சம் வரையான மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் வெளிச்சமும் இல்லை, வெப்பமும் இல்லை. அந்த நாட்களில் எனக்குத் தேவைப்பட்டவை விறகும் அடுப்புமே தவிர, துவக்கு எனும் துப்பாக்கி அல்ல. ஆயினும் அடுத்த ஆண்டு மைத்துனரும் நானும் சேர்ந்து சட்பரிக்கு வடக்கே மரவீடு ஒன்றை வாங்கியபோது, கடைகண்ணி இல்லாத இடத்தில் நீண்ட காலம் தங்க நேர்ந்தால் எல்லாத் தேவைக்கும் ஈடுகொடுக்கும் துவக்கு எது என்ற கேள்வி கூடவே வந்து சேர்ந்தது. வன்னியில் வளர்ந்த எனக்கு இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் பெயரளவில் பழக்கம். கையில் எடுத்துச் சுட்டது கனடாவில்தான்.

இங்கே முதலில் வருவது சட்டம். பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, பின்னணி விசாரணை, புதிய விண்ணப்பதாரருக்குக் குறைந்தது 28 நாட்கள் காத்திருப்பு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அனுமதிப்பத்திரம் ஆகிய எல்லாவற்றையும் கடந்தே நான் கடைக்குள் நுழைந்தேன். நெடுங்காலத்துக்கென்று துவக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டத்தின் ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2020 மே 1 ஆம் தேதி ஏறத்தாழ 1,500 வகைத் துவக்குகளை அரசு ஒரே நாளில் தடைசெய்தது. 2022 ஒக்ரோபரில் கைத்துப்பாக்கி விற்பனை நிறுத்தப்பட்டது. ‘உயிர்காக்கும் ஆயுதம்’ என்று பெருமையாக வாங்கிய அரைத் தானியங்கித் துவக்குகளைச் சிலர் இன்றும் பெட்டியில் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கையால் இழுத்துச் சுடும் சாதாரண வேட்டைத் துவக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கதி வரவில்லை.

என் முன்னால் மூன்று தெரிவுகள் இருந்தன. முதலாவது .22 றைபிள். ஐந்நூறு தோட்டாக்கள் இரண்டு கிலோவுக்கும் குறைவு. சத்தமும் உதைப்பும் மிகச் சிறியவை. ஆனால் மானுக்கு அது போதாது, கரடியிடம் அதை நீட்டுவது வீண் துணிச்சல். இரண்டாவது .308 போன்ற பெரிய றைபிள். மூஸ் எனும் மிகப் பெரிய மான் வரை எதையும் வீழ்த்தும், ஆனால் ஒரு கௌதாரியை அதால் சுட்டால் சட்டியில் போட இறகு மட்டுமே மிஞ்சும். மூன்றாவது, நான் வாங்கியது: முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் 12 போர் பம்ப் ஷொட்கன். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டம் வருமோ, அதுவே அதன் சுடுகுழலின் விட்டம், சுமார் 18.5 மில்லிமீற்றர். என் துவக்கின் தயாரிப்பாளர் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். 1950 இல் வந்த றெமிங்ரன் 870 தொடங்கி இவ்வகைத் துவக்குகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இயங்குபவை, நான் சொல்லப்போகும் தொல்லைகளும் பெரும்பாலும் என் கவனக்குறைவால் வந்தவை.

இந்தக் கேள்வி அரசாங்கங்களையும் வாட்டியிருக்கிறது. 1965 மார்ச்சில் சோவியத் விண்கலம் வொஸ்கோட் 2 குறி தவறி, பனி மூடிய யூரல் பகுதி அடர்காட்டில் இறங்கியது. அதில் சென்ற லியோனவும் பெல்யாயெவும் ஓநாய்க்கும் கரடிக்கும் அஞ்சி அங்கே இரவைக் கழிக்க வேண்டியதாயிற்று. பின்னர் 1980களில் சோயுஸ் விண்வெளி வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட ரிபி-82 என்ற ஆயுதத்துக்கு மூன்று சுடுகுழல்கள்: இரண்டு, சிதறிப் பாயும் சிறு உருண்டைகளான சன்னத்துக்கு; ஒன்று, றைபிள் ரவைக்கு. கனடிய ரேஞ்சர்கள் எனும் பகுதிநேரப் படையினர் இதற்கு நேரெதிரான விடையைத் தேர்ந்தார்கள். ஆர்க்டிக் கிராமங்களில் பணியாற்றும் அவர்கள் 1947 முதல் எழுபது ஆண்டுகளளவில் .303 லீ-என்பீல்ட் றைபிளையே வைத்திருந்தார்கள். 2018 அளவில் அது மாற்றப்படத் தொடங்கியதற்குக் காரணம் அது சுடாமற் போனதல்ல, உதிரிப்பாகம் அருகிப்போனதே. சோவியத் விடை எனக்குக் கற்பித்தது, பல உணவுக்கும் ஒரே வாய் வேண்டும் என்பதை. மூன்று சுடுகுழல் செய்ததை 12 போர் ஒரே சுடுகுழலில் தோட்டாவை மாற்றியே செய்கிறது. ரேஞ்சர்களின் விடை கற்பித்ததை நான் பின்னாளில், அனுபவப்பட்டே புரிந்துகொண்டேன்.

முதல் இலையுதிர் காலத்தில் சுட்டது கௌதாரி. அந்தப் பறவையை இங்குள்ளவர்களும் ‘பார்ட்ரிட்ஜ்’ என்றே அழைக்கிறார்கள். எட்டு மீற்றர் தொலைவில், குழல் வாயை இறுக்கும் சொக்கைத் திருகி வைத்தபடி, பெரிய சன்னத் தோட்டாவால் சுட்டதில் அதன் நெஞ்சு முழுவதும் கூழாகிவிட்டது. அன்று இரவு சோற்றுக்குக் கறியாக வந்தவை இரண்டு கால்கள். அதன் பிறகு ஒரு பழைய படுக்கை விரிப்பை மரங்களுக்கிடையே கட்டி, பத்து, இருபது, முப்பது மீற்றரிலிருந்து ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டு, சன்னம் எவ்வளவு பரவுகிறது என்று அளந்து குறித்துவைத்தேன். துவக்கை வாங்கியவுடன் செய்திருக்க வேண்டிய வேலை அது.

வாத்து வேட்டைக்கு ஈயச் சன்னம் 1999 முதல் நாடு முழுவதும் தடை. உருக்குச் சன்னம் எடை குறைந்தது. ஆகவே ஈயத்தில் பழகிய கைக்கு, பத்து மீற்றராவது இன்னும் கிட்டப் போக வேண்டியிருக்கிறது. புலம்பெயர் பறவைகளைச் சுடும்போது துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், தோட்டாக்குழாய்க்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி வைக்கிறோம். மான் காலம் வந்ததும் அதைக் கழற்ற மறந்து நான்காவது தோட்டாவைத் திணிக்க முயன்றபோது மைத்துனர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

மானுக்கு ‘ஸ்லக்’ எனப்படும் ஒற்றை ஈயக்குண்டு. 28 கிராம் எடை. 2017 நவம்பரில், செம்மஞ்சள் மேலங்கியோடு குளிரில் நான்கு மணிநேரம் இருந்தபின், நாற்பது மீற்றரில் வந்த வெண்வால் மான் ஒன்று ஒரே குண்டில் விழுந்தது. ஆனால் அதே வாரத்தில், தொண்ணூறு மீற்றரில் பக்கவாட்டாக நின்ற பெரிய ஆண்மான் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் துவக்கைத் தாழ்த்தினேன். குழல் நுனியில் குறிபார்க்க ஒரு சிறு மணி மட்டும் உள்ள ஷொட்கனால் என் கைக்கு எட்டும் தூரம் ஐம்பது மீற்றர். அதற்கப்பால் சுடுவது விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடுவதாகும். .308 வைத்திருந்தவர் அன்று குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சியோடு வீடு திரும்பியிருப்பார்.

இனி, பத்து ஆண்டில் என்னை மிகவும் வருத்திய விடயத்துக்கு வருகிறேன்: பாரம். 12 போர் தோட்டா ஒன்று சுமார் 45 கிராம். நூறு தோட்டா நாலரைக் கிலோ. அதே பாரத்துக்கு .22 தோட்டாக்களை ஆயிரத்துக்கு மேல் எடுத்துச் செல்லலாம். வாகனத்தில் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கி வைப்பவருக்கு இது பொருட்டல்ல. முதுகுப் பையோடு காட்டுக்குள் நடந்தே வாழப்போவதாகக் கற்பனை செய்பவர் ஒருமுறை நூறு தோட்டாவைச் சுமந்து பத்துக் கிலோமீற்றர் நடந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். மறுபுறம், 2020, 2021 பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் கிராமத்து எரிபொருள் நிலையக் கடையில் .22 தட்டு மாதக்கணக்காக வெறுமையாகக் கிடந்தபோதும் 12 போர் பறவைத் தோட்டா ஒன்றிரண்டு பெட்டியாவது இருந்தது. உதைப்பு குறைந்த 20 போருக்கு மாறலாமென்று பலமுறை யோசித்தும் அதனாலேயே மாறவில்லை. என் மனைவி இரண்டு முறை சுட்டுப் பார்த்துவிட்டு, தோளைத் தடவிக்கொண்டே துவக்கைத் திருப்பித் தந்துவிட்டார்; ஒரே துவக்கு என்றால் வீட்டில் எல்லோரும் சுடக்கூடியதாக இருக்க வேண்டாமா என்ற அவருடைய கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

குளிர் வேறொரு பாடம். ஓர் ஜனவரிக் காலையில், வெப்பமானி மைனஸ் முப்பதைத் தாண்டியிருக்க, இருபது மீற்றரில் பனிமுயல் ஒன்று காதை மட்டும் ஆட்டிக்கொண்டு அமர்ந்திருந்தது. சுடும் விசையான விசைவில்லை அழுத்தினேன், ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வந்தது. நியதிப்படி சற்று நேரம் குழலை வெற்றிடம் நோக்கிப் பிடித்திருந்து, அடுத்த தோட்டாவை ஏற்றினேன், மீண்டும் ‘டிக்’. முயல் என்னைப் பார்த்துவிட்டு அவசரமின்றி நடந்து போயிற்று. எடுத்துப் பார்த்தால், இரண்டு தோட்டாவின் அடியிலும் வெடிப்பைத் தொடக்கும் கேப்பில் ஊசி பட்ட இடத்தில் குண்டூசி முனையளவு பள்ளம் மட்டுமே இருந்தது. வசந்த காலத்தில் தாராளமாக விட்ட எண்ணெய் ஊசியைச் சுற்றித் தேன்போல் உறைந்திருந்தது. பக்கத்து நிலத்தில் வாழும், பின்லாந்து வழிவந்த முதியவர் அதைக் கேட்டு வியக்கவே இல்லை. உட்பாகங்களைப் பிறேக் கிளீனரால் கழுவி எண்ணெயின்றி உலர விடும்படியும், வெளியே குளிர்ந்த துவக்கைச் சூடான அறைக்குள் கொண்டுவராமல், வெப்பமூட்டாத முன்னறையிலேயே பூட்டி வைக்கும்படியும் சொன்னார். உள்ளே கொண்டுவந்தால் வியர்க்கும், வியர்த்தது மறுபடி வெளியே போனதும் உறையும்.

கறள் இதன் மறுபக்கம். ஒரு கோடை முழுவதும் பெட்டியிலேயே விட்டுவிட்டு செப்ரெம்பரில் எடுத்தபோது, தோட்டா அமரும் அறையின் சுவரில் சொரசொரப்பு ஏறியிருந்தது. மலிவான தோட்டாவைச் சுட்டதும் வெற்றுக்கோது அதில் ஒட்டிக்கொண்டது. முன்பிடி அசைய மறுத்தது. இரண்டு கிலோமீற்றர் திரும்பி நடந்து, குழல்வாய் வழியாகத் துப்புரவுக் கம்பியை விட்டுத் தள்ளியே கோதை வெளியேற்றினேன். பிறகு மெல்லிய உருக்கு நாரைத் தூரிகையில் சுற்றி அந்த அறையைப் பளபளக்கத் தேய்த்தேன். இன்றுவரை அத்தொல்லை திரும்பவில்லை. இவ்வகைத் துவக்கின் பெரும் நன்மை இதுதான்: விசைவில் தொகுதியைப் பிடித்திருக்கும் முளைகளை ஓர் ஆணியால் தள்ளினால் முழுத் தொகுதியும் கையோடு வந்துவிடும். ரேஞ்சர்களின் கதையை நினைத்து, ஊசி, கோது இழுக்கும் கொக்கி, சுருள்வில்கள் ஆகியவற்றில் ஒவ்வோர் உபரியை வாங்கி ஒரு மருந்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றில் கொக்கியின் வில் ஒன்றை மட்டுமே இதுவரை மாற்ற நேர்ந்தது.

துவக்கால் நெடுங்காலம் வயிறு நிறையுமா என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வடபுலத்தவர்கள் ‘முயல் பட்டினி’ என்று ஒன்றைச் சொல்வார்கள்: கொழுப்பே இல்லாத முயலிறைச்சியை மட்டும் வாரக்கணக்காகத் தின்றால் வயிறு நிறைந்திருக்கவே உடல் நலிந்துவிடும். கடையில் கேட்பவர்கள் கரடியைப் பற்றியே கேட்கிறார்கள். கொழுப்பு எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் குறிப்பேட்டின்படி பத்து ஆண்டில் சுட்ட தொள்ளாயிரம் தோட்டாக்களில் பாதிக்கு மேல் பயிற்சிக்கே போனவை, மீதியில் கிடைத்த இறைச்சியை விட மரவீட்டருகே ஏரியில் தூண்டிலில் வந்த மீன் அதிகம்.

இன்று மறுபடி வாங்குவதாயின் அதே 12 போர் பம்ப் வகையையே வாங்குவேன். ஆனால் 28 அங்குலக் குழலுக்குப் பதிலாக, குறிபார்க்கும் தகடு பொருத்திய 20 அங்குலக் குழலும், மனைவியின் கைக்கு ஏற்ற குட்டையான பிடங்கும், கறள் எதிர்ப்புப் பூச்சும் கேட்பேன். அப்பின்லாந்து முதியவரிடம் இருப்பது, அவருடைய தந்தை விட்டுச்சென்ற ஒற்றைத் தோட்டா .22 றைபிளும், பொறி வைக்கும் உரிமமும், கண்ணி கட்ட ஒரு சுருள் பித்தளைக் கம்பியும். சென்ற மாசியில் நான் நாள் முழுவதும் அலைந்து ஒரு முயலோடு வந்தபோது, அவருடைய வாசலில் மூன்று முயல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.