சுற்றுலா விசாவில் துபாய் வேலை: மும்பையில் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

துபாயில் ஏசி மெக்கானிக் வேலை என்று சொல்லி என் தங்கை மகனிடம் 1,15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு சுற்றுலா விசாவைக் கையில் கொடுத்து விமான நிலையத்துக்கு அனுப்பிய ஏஜென்சி ஒன்றைப் பற்றி இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் செய்த முறை சயான், குர்லா, தாராவி பக்கம் இருக்கிற எவருக்கும் நேரக்கூடியது என்பதால், நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

பையன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தாராவியில் தங்கி, அந்தேரியில் ஏசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தான். ஏஜென்சியின் அலுவலகத்தில் இந்திய அரசு முத்திரையோடு சட்டமிட்ட ஒரு லைசென்ஸ் சுவரில் தொங்கியது. ஒரு கொட்டகையில் ட்ரேட் டெஸ்ட் வைத்து, செம்புக் குழாயைப் பற்றவைத்து அழுத்தம் பார்க்கும் வரை செய்யச் சொல்லி, வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் என்று ஒருவரை எதிரே உட்கார வைத்திருந்தார்கள். அலுவலகத்தை நடத்தியவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், "நம்ம பையனுக்கு நான் செய்யாம வேற யாரு அண்ணாச்சி செய்வா?" என்று என்னிடம் அவர் கேட்டபோது, அந்த அறையில் எங்களைப் போலவே ஊரிலிருந்து வந்திருந்த வேறு குடும்பங்களும் உட்கார்ந்திருந்தன.

பணத்தை ஒரே தவணையாகக் கேட்கவில்லை. முதலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பதிவுக் கட்டணம், பிறகு மெடிக்கல், பிறகு விசாச் செலவு, கடைசியாக டிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாம் ரொக்கம். ரசீது கேட்டபோது, லைசென்ஸ் எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாத சாதாரணத் தாளில் "ஆலோசனைக் கட்டணம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும்தான், அதாவது 35,400 ரூபாய். அதோடு, ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுப்பதற்கான செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதே குற்றம். முதலாளி கொடுத்திருக்க வேண்டிய விசாச் செலவைத்தான் என் தங்கை நகையை அடகு வைத்துக் கட்டினாள்.

விசா எப்போது வரும் என்று கேட்கும்போதெல்லாம் "கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது" என்பதே பதில். பயண நாளன்று மாலைதான், இரண்டாவது டெர்மினலின் வாசலில் வைத்து, பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் திரும்பும் டிக்கெட்டையும் ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தான். முப்பது நாள் சுற்றுலா விசா. போனில் கேட்டபோது, "உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், இமிக்ரேஷனில் கேட்டால் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள்" என்றார் அந்த ஊர்க்காரர். காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க நேரம் இருக்கக்கூடாது என்பதற்காகவே வாசலில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

இமிக்ரேஷன் அதிகாரி இரண்டு மூன்று கேள்விகளிலேயே பிடித்துவிட்டார். பத்தாம் வகுப்பு தேறாதவனின் பாஸ்போர்ட் ஈசிஆர் பாஸ்போர்ட், அதாவது வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறிக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் சொல்கிறது. தங்கும் இடத்துக்குச் சான்று இல்லை, செலவுக்குப் பணம் இல்லை, போனில் மட்டும் 1,800 திர்ஹாம் சம்பளம் என்ற ஆஃபர் லெட்டர் இருந்தது. அவனை ஆஃப்லோடு செய்துவிட்டார்கள், அதாவது விமானம் ஏறவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் அதிகாரியைத் திட்டினார்கள், நான் திட்டமாட்டேன். சுற்றுலா விசாவில் அங்கே போய் வேலை பார்த்திருந்தால் காப்பீடும் இல்லை, சம்பளம் தராவிட்டால் கேட்க ஒப்பந்தமும் இல்லை. உரிய அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் கம்பெனிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் அங்கே சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். சோதனை வந்தால் கம்பெனி முதலில் கைவிடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான்.

மறுநாள் லைசென்ஸ் எண்ணை, பதிவு பெற்ற ஏஜென்ட்களின் விவரம் உள்ள அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். (பையன் சுவரை ஒட்டி நின்று எடுத்துக்கொண்ட ஒரு படத்தில் எண் தெளிவாகத் தெரிந்தது, இல்லையென்றால் எங்களிடம் ஆதாரமே இருந்திருக்காது.) லைசென்ஸ் போலி அல்ல. ஆனால் அது வேறொரு நிறுவனத்துக்கு, நகரின் வேறொரு பகுதியிலுள்ள முகவரிக்கு, வேறொருவர் பெயரில் கொடுக்கப்பட்டது. அந்த நிறுவனத்தை விசாரித்தபோது, இந்த அலுவலகத்துக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று கைகழுவிவிட்டார்கள். லைசென்ஸைச் சப்-ஏஜென்டுக்குக் கொடுத்து ஆள் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படியிருக்க, இதில் அவர்களுக்குப் பங்கு இருந்ததா, அவர்கள் எண்ணையும் யாரோ திருடினார்களா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும்.

போலீஸ் நிலையத்தில் முதலில் இதைப் பணத் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் விதேஷ் பவனில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, அதன் ஒப்புகை நகலோடு மீண்டும் போன பிறகே, ஏமாற்றியதற்காகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின் கீழும், பதிவின்றி ஆள் சேர்த்ததற்காகக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிந்தார்கள். ஆகவே புகார் கொடுக்கப் போகிறவர்கள் இந்த வரிசையிலேயே போவது நல்லது.

இனிப் பணம் கட்டப் போகிறவர்கள், லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், இ-மைக்ரேட்டில் காட்டும் முகவரியும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தின் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். வேலைக்கான நுழைவு அனுமதியில் உங்கள் தொழிலும் அழைக்கும் கம்பெனியின் பெயரும் அச்சாகியிருக்கும்; அதைப் பார்க்காமல் டிக்கெட்டுக்குப் பணம் தராதீர்கள். ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். பத்து லட்சம் ரூபாய்க்கான அந்தக் காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத ஏஜென்ட் குடிபெயர்வு அனுமதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று தைரியமாக முடிவு செய்யலாம். பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை அடமானம் போல வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமை இல்லை.

இப்போது அந்த அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது, பணம் எதுவும் திரும்பவில்லை. சயானில் இதேபோல ஆலோசனைக் கட்டணம் என்று தாள் ரசீது வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்து, பாதுகாவலர் அலுவலகத்தில் தங்கள் பெயரிலும் ஒரு புகார் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏமாந்தவர் பலர் என்று காட்டினால்தான் வழக்கு நகரும் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார்.