விண்டோஸ் ஃபயர்வாலே போதுமா? டைனிவால், சிம்பிள்வாலோடு ஓர் ஒப்பீடு

ஃபயர்வால் என்பது கம்ப்யூட்டருக்குள் வரும், வெளியே போகும் இணைப்புகளைக் காவல் காக்கும் புரோகிராம். விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது; டைனிவாலும் சிம்பிள்வாலும் நாமே தனியாகப் போட்டுக்கொள்பவை. வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுப்பதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். 2003-இல் பிளாஸ்டர் என்ற புழு (தானாகவே பரவும் தீய புரோகிராம்) 135-ஆம் போர்ட் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியே புகுந்து ஆட்டம் காட்டியது. மறு ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் முதல் விண்டோஸ் ஃபயர்வால் தானாகவே ஆனில் இருக்கிறது. வித்தியாசம் வெளியே போவதில்தான். நீங்களாகத் தடை விதி போடாதவரை விண்டோஸ் எல்லாவற்றையும் போகவிடும். மற்ற இரண்டும் நீங்கள் அனுமதித்ததை மட்டுமே விடும்.

பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸ் ஃபயர்வாலே போதும் என்பேன், ஒழுங்காக வைத்திருந்தால். வைஃபை பிராப்பர்ட்டீஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' (மற்ற கம்ப்யூட்டர்களுக்கு உங்களுடையதைக் காட்டாத அமைப்பு) என்று இருக்கட்டும். கம்ப்யூட்டர்களுக்கிடையே ஃபைலோ பிரிண்டரோ பகிர்ந்தால் மட்டும் 'பிரைவேட்'. பலர் தடுமாறுவது, ஒரு புரோகிராம் வெளியிலிருந்து இணைப்பு ஏற்க முயலும்போது விண்டோஸ் அனுமதி கேட்டுக் காட்டும் பெட்டியில். 'கேன்சல்' அழுத்தினால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் புரோகிராமுக்கு ஒரு தடை விதி பதிந்துவிடுகிறது. அப்புறம் அனுமதி விதி சேர்த்தாலும் தடைதான் ஜெயிக்கும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' திறந்து, சிவப்புக் குறியுள்ள அந்த வரியை அழித்தால்தான் கேமோ டொரண்டோ வேலை செய்யும்.

எந்தப் புரோகிராம் யாருக்குத் தகவல் அனுப்புகிறது என்ற கவலை இருந்தால் டைனிவால். இலவசம், பாப்அப் தொல்லை கிடையாது. டாஸ்க்பார் ஓரத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள அதன் ஐகானில் 'ஒயிட்லிஸ்ட் பை விண்டோ' எடுத்து, புரோகிராமின் ஜன்னலில் ஒரு கிளிக், முடிந்தது. அந்த அமைதியே சிக்கலும்கூட: நெட் வராவிட்டால் தடுத்தது யார் என்று அது தானாகச் சொல்லாது. அதன் அனுமதி விதி, புரோகிராம் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைப் பிடித்திருக்கும். டிஸ்கார்ட் (அரட்டை ஆப்) போன்றவை ஒவ்வொரு அப்டேட்டிலும் புது ஃபோல்டருக்கு மாறும்போது மறுபடி அனுமதிக்க வேண்டிவரும்.

சிம்பிள்வால், தடுத்ததை அறிவிப்பாகக் காட்டும். பொறுமை உள்ளவர்களுக்குத்தான் இது. தெரியாத பெயர் என்று எஸ்விசிஹோஸ்ட்டை (விண்டோஸின் பல சேவைகளை இயக்கும் புரோகிராம்) முடக்கினால் விண்டோஸ் அப்டேட் நிற்கும், சில சமயம் வெப்சைட்டே திறக்காது. நிரந்தர விதிகளாகப் போட்டிருந்தால், சிம்பிள்வாலை நீக்குவதற்கு முன் அதில் 'டிஸேபிள் ஃபில்டர்ஸ்' அழுத்துங்கள். இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் போனபிறகும் தடை தங்கிவிடக்கூடும்.

எதைப் போட்டாலும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைக்க வேண்டாம். ஆனால் டைனிவாலையும் சிம்பிள்வாலையும் சேர்த்துப் போடாதீர்கள்: ஒன்று விட்டதை மற்றது மறிக்கும், மறித்தது எது என்று தேடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.