எட்டு மீட்டர் நூலும் ஒரே ஒரு தையலும்: ஆங்கர் ஸ்ட்ராண்டட் காட்டன்

கிராஸ் ஸ்டிச் எனப்படும் பெருக்கல்குறித் தையலை மட்டுமே ஏழு ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன். இரவு உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் ஊசியும் துணியுமாக உட்காரும்போது கிடைக்கும் அமைதிக்காகவே இதைச் செய்கிறேன் என்பதால், நான் பயன்படுத்தும் ஆங்கர் எம்பிராய்டரி நூலைப் பற்றிய என் மதிப்பீடும் அந்தத் தேவையை ஒட்டியதே.

ஒரு சிட்டத்தில் 8 மீட்டர் நூல், 6 இழைகளாக இருக்கும். அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள ஐடா துணிக்கு 2 இழையும் 24ஆம் எண் மழுங்கிய முனை ஊசியும் போதும். கை முழம் அளந்து வெட்டினால் ஒரு சிட்டம் பதினேழு துண்டுகளாகும். ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தால் ஐம்பது தடவைக்கு மேல் ஊசி கோக்கலாம். இழைகளைச் சேர்த்து இழுக்காமல் ஒவ்வொன்றாக உருவியெடுத்துப் பிறகு இணைத்தால் சிக்கு விழாது.

இந்தப் பருத்தி நூல் மெர்சரைஸ் செய்யப்பட்டது. காஸ்டிக் சோடாக் கரைசலில் பருத்தி இழை உப்பி உருண்டு வலுப்பெறுவதை 1844இல் ஜான் மெர்சர் கண்டறிந்தார்; அந்நிலையில் நூலை இழுத்துப் பிடித்தால் பளபளப்பும் கூடும் என்பது பின்னாளில் தெரியவந்தது. ஒவ்வொரு பெருக்கல்குறியிலும் மேலே விழும் கால்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அந்த மினுமினுப்பு துணி முழுவதும் சீராகத் தெரிகிறது. முன்பு வேறொரு மலிவான நூலில் போட்ட செம்பருத்தி, முதல் சலவையிலேயே வெள்ளைத் துணியெங்கும் சாயம் இறங்கிக் கெட்டது. இந்த நூலில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

நானூறுக்கும் மேற்பட்ட நிறங்கள் எண் வாரியாகக் கிடைப்பதைத்தான் இதன் பெரிய வசதியாக நினைக்கிறேன். தைத்துக்கொண்டிருந்த கிளி உருவம் ஒன்றைப் பாதியில் நிறுத்தி எட்டு மாதம் பெட்டியில் வைத்திருந்தேன். மீண்டும் எடுத்தபோது குறிப்பில் இருந்த எண்ணைச் சொல்லிப் பச்சை நூல் வாங்கி, விட்ட கட்டத்திலிருந்தே தொடர்ந்தேன். பழைய இறகுக்கும் புதிய இறகுக்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. கண்ணுக்கான கறுப்பு 403ஆம் எண். அது எனக்கு மனப்பாடம்.

இத்தனை காலம் தைக்கிறாயே, ஆரி வேலை கற்றுக்கொண்டால் கல்யாண ஜாக்கெட்டுகளுக்குப் பூப்போட்டுச் சம்பாதிக்கலாமே என்று அத்தை அன்போடு சொன்னதால், ஒரு வகுப்பிலும் சேர்ந்தேன். ஆரி அழகான கலைதான். அதை நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வாரம் ஒரு மாதிரி முடித்துக் காட்ட வேண்டியிருந்ததால், பகலெல்லாம் அலுவலகக் கெடுவை எண்ணிக்கொண்டிருந்த மனம் இரவில் தையல் கெடுவை எண்ணத் தொடங்கியது. மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிட்டு என் பெருக்கல்குறிகளுக்கே திரும்பிவந்தபோது, நெடுநாள் கழித்துச் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததைப் போன்ற நிறைவு கிடைத்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் நூறு நிறப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து சிட்டங்களும் ஒரு சாண் ஐடா துணியும் போதும். துணியின் ஓரம் பிரியும் என்பதால் முதலிலேயே அதை மடித்துச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். என் கிளியின் பின்பக்கத்தில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றைப் பிரித்துச் சரிசெய்யாமல் அப்படியே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.