கலெக்டர் கச்சேரியும் ஜில்லா போர்டும்: வட ஆற்காட்டில் இரு வழிகள்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், வட ஆற்காட்டு விவசாயி தன் குறையைச் சொல்ல இரண்டு வாசல்கள் இருந்தன: ஒன்று வருவாய்த்துறையின் கலெக்டர் கச்சேரி, மற்றது உள்ளாட்சி அமைப்பான ஜில்லா போர்டு. 1919ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில் நிலவரி கவர்னரின் கையிலேயே ஒதுக்கப்பட்டிருக்க, உள்ளாட்சி, கல்வி, சுகாதாரம் ஆகியவை மக்களுக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன.

வருவாய்த்துறையின் பலம், கணக்கு கையிலிருந்ததுதான். பாலாறு வறண்டு ஏரி நிரம்பாத பசலியில் (வருவாய் ஆண்டில்), கர்ணம் என்னும் கிராமக் கணக்கர் அடங்கல் என்னும் பயிர்க் கணக்கை விரித்துவைத்துச் சாவியான, அதாவது பயிர் கருகிய, வயல்களைச் சர்வே எண் வாரியாகப் படிக்க, ஜமாபந்தி (ஆண்டு வரிக் கணக்குத் தணிக்கை) அதிகாரி அங்கேயே வஜாவை, அதாவது வரித் தள்ளுபடியை, தீர்மானிக்க முடிந்தது. ஆனால் கர்ணத்தின் தயவில்லாதவன் வயல் கணக்கில் பச்சையாகவே நின்றிருக்கும். அதைக் கேட்க அவனுக்கு வாக்குச்சீட்டு உதவாது.

1920ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கிய ஜில்லா போர்டு சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர்க் கிணறு ஆகியவற்றைக் கவனித்தது. உறுப்பினரை வழிமறித்துக் கேட்கலாம் என்பது சிறிய லாபமன்று. எனினும் வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களோடு நின்றதால், கிணறு எந்தத் தெருவில் வெட்டப்படும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1934இல் தாலுகா போர்டுகளும் கலைக்கப்பட்டபின், போளூர்க்காரரும் செய்யாற்றுக்காரரும் மாவட்டத் தலைநகரான வேலூரையே நோக்க வேண்டியதாயிற்று.

வறட்சிக்கு முதல் வாசல், குடிநீருக்கு இரண்டாவது என்பேன். கடனுக்கு இரண்டும் உதவவில்லை; அதற்கு 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வரவேண்டியிருந்தது.